காற்றுக்கு ஒரு சட்டை, அடுப்புக்கு ஒரு சட்டை

திருவல்லிக்கேணி மேன்ஷன்களின் மொட்டைமாடிக் கொடியில் வெள்ளை பனியன் குறைந்துவிட்டது. சாப்பாடு டெலிவரி செய்யும் பையன்களின் டி-ஷர்ட், ஓட்டல் சீருடை, செல்போன் கடைச் சீருடை என்று பளிச்சென்ற நிறங்களில் பாலியஸ்டர்தான் தொங்குகிறது. பைக்ராப்ட்ஸ் சாலை நடைபாதைக் கடைகளில் இதற்கு 'டிரை-ஃபிட்' என்று பெயர். வியர்வையை வெளியே தள்ளிவிடும், உடம்பு குளுகுளுவென்று இருக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். இது பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் சொல்லாததால் அடுப்படியில் நிற்பவர்கள் அவதிப்படுகிறார்கள்.

துணி யாரையும் குளிர்விப்பதில்லை; வியர்வை ஆவியாவதுதான் குளிர்விக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடம்பை விட்டுப் போகும். சொட்டித் தரையில் விழுகிற வியர்வையால் அந்தப் பயன் இல்லை. பருத்தி நூல் ஈரத்தைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். சாதாரணமாகவே அதன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரம் இருக்கும், பாலியஸ்டரில் 0.4 சதவீதம்தான். ஈரம் குடிக்காத இந்த இழையை உருண்டையாக இல்லாமல் வாய்க்கால் வாய்க்காலாக இழுத்து நெய்தால், விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி வியர்வை துணியின் வெளிப்புறத்துக்கு ஏறிப் பரவும். பரவியது சீக்கிரம் காயும். 1986இல் டூபாண்ட் நிறுவனம் 'கூல்மேக்ஸ்' என்று கொண்டுவந்தது இந்த உத்தியைத்தான்.

காய்வதற்குக் காற்று வேண்டும். கடற்கரையை ஒட்டிய ஊர் இது. பகலில் எழும் கடற்காற்று வெயிலைத் தணிக்கிறது, கூடவே ஈரத்தையும் கொண்டுவருகிறது. ஏற்கெனவே ஈரம் நிரம்பிய காற்று சட்டையின் ஈரத்தை மெதுவாகத்தான் வாங்கும். வண்டியில் போகிறவருக்கு அந்தக் குறை தெரியாது. எதிர்க்காற்று அடித்துக்கொண்டே இருக்கும். முதுகில் பையோடு நாலு மாடி ஏறி இறங்கி மறுபடி வண்டியைக் கிளப்பினால், அடுத்த சிக்னலுக்குள் சட்டை பாதி காய்ந்திருக்கும். காட்டனாக இருந்தால் அது நனைந்து கனத்து முதுகோடு ஒட்டிக்கொண்டே வரும். அவருக்கு டிரை-ஃபிட் சரியான துணி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

துவைப்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மேன்ஷனில் இருந்த காலத்தில் என்னிடம் இருந்தவை மூன்றே காட்டன் சட்டைகள். ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரி துவைத்துப் போட்டது விடிந்தும் காலரிலும் தையல் ஓரத்திலும் ஈரமாகவே இருக்கும். ஃபேனுக்கு நேரே நாற்காலியில் விரித்துப் போட்டு, போகாத அந்த ஈரவாடையோடு வேலைக்குப் போயிருக்கிறேன். பக்கத்து அறைக்காரரின் பாலியஸ்டர் சட்டை அதற்குள் காய்ந்து மடிப்பில் இருக்கும். காட்டனே உயர்ந்தது என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் துவைக்க ஆளும், காயப்போட இடமும், இஸ்திரி போட நேரமும் உள்ளவர்கள். அது இல்லாதவனின் கணக்கு வேறு.

பாலியஸ்டர் சட்டையின் குறைகளும் சின்னவை அல்ல. ஒரே நாள் உடுத்தினாலே நாற்றம் பிடித்துக்கொள்ளும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடற்பயிற்சி செய்தவர்களின் டி-ஷர்ட்களைச் சோதித்து 2014இல் வெளியிட்ட முடிவும் இதுதான்: காட்டனை விட பாலியஸ்டரில் நாற்றம் அதிகம், அதை உண்டாக்கும் மைக்ரோகாக்கஸ் பாக்டீரியா அதில் நன்றாகப் பெருகுகிறது. இன்னொன்று, டிரை-ஃபிட் என்று விற்பதெல்லாம் டிரை-ஃபிட் இல்லை. மலிவான பலவற்றில் வாய்க்கால் இழை இருக்காது. ஈரம் பரவுவதற்காக மேலே பூசிய ரசாயனம் இருக்கும், துவைக்கத் துவைக்க அது போய்விடும். வாங்கும்போது துணியின் உட்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே பரவினால் சரி. தாமரை இலைமேல் மாதிரி முத்தாக நின்றால் அது வெறும் பாலியஸ்டர். பரவினாலும் பத்துத் தடவை துவைத்தபின் மறுபடி ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது நல்லது.

எனக்குக் கோபம் வருவது சமையற்கட்டு விஷயத்தில்தான். முன்னால் பரிமாறுகிறவருக்கும் உள்ளே கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கும் ஒரே பாலியஸ்டர் சீருடை தைத்துக் கொடுக்கும் பழக்கம் பரவிவருகிறது. மொத்தமாக வாங்கினால் மலிவு, நிறம் மங்காது, ஓட்டலின் பெயர் எடுப்பாகத் தெரியும். முதலாளிக்கு எல்லாம் வசதி. உள்ளே காற்று கிடையாது. கொதிக்கும் அண்டாவின் ஆவிதான் உண்டு. அங்கே வியர்வை வெளிப்புறத்துக்கு ஏறி என்ன செய்யும்? ஏறிய இடத்திலேயே நிற்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் நெருப்பு. பாலியஸ்டர் 250, 260 டிகிரி செல்சியஸில் உருகும். உருகியது தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் தீப்பிடிக்கும், வேகமாகவே பிடிக்கும், ஆனால் உருகி உடம்போடு ஒட்டாது. இரண்டும் கலந்தால் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. நம் அப்பா தலைமுறை ஆசையாகத் தைத்துப் போட்ட டெரிகாட்டனில் தீப்பிடித்தால், கருகும் பருத்தி உருகிய பாலியஸ்டரைத் திரி மாதிரி பிடித்து வைத்துக்கொண்டு எரியும். சீருடை என்றாலே கலப்புத் துணி என்று ஆகிவிட்ட ஊரில் இதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

ஒரே நிறத்தில் இரண்டு துணி எடுப்பது திருப்பூர் இருக்கும் மாநிலத்தில் முடியாத காரியம் இல்லை. சமையற்கட்டுக்குத் தடித்த காட்டன், ஆளுக்கு நாலு. துவைத்துத் தருவது ஓட்டலின் பொறுப்பு. நாலு இருந்தால் மழைக்காலத்தில் ஈரச்சட்டை போட வேண்டாம். செலவு கூடும். அது கூட வேண்டிய செலவுதான்.

நான் ராத்திரி சாப்பிடும் கடையில் பரோட்டா மாஸ்டர் கம்பெனி சட்டையை வந்ததும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். காட்டன் பனியன், தோளில் ஒரு துண்டு. மாவை வீசி அடிக்கிற இடைவெளியில் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொள்வார். பத்து மணிக்குள் அது சொட்டச் சொட்ட நனைந்திருக்கும், பிழிந்து மறுபடி போட்டுக்கொள்வார். ஆணியில் இருக்கும் சட்டையில் ஓட்டலின் பெயர் பளபளவென்று இருக்கும். மேனேஜர் உள்ளே எட்டிப் பார்க்கும்போது மட்டும் அதை எடுத்து பனியனுக்கு மேலே மாட்டிக்கொள்வார், அடுப்பை அணைக்காமலே.