டங்கன் ஆடிய 15 ஆண்டு இன்னிங்ஸ்

கோல் மார்க்கெட் பக்கம் பழைய தில்லித் தமிழர் யாரிடமும் எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'மீரா'வைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், முகம் மலரும். படத்தை இயக்கியவர் யார் என்று கேளுங்கள், யோசிப்பார்கள். எல்லிஸ் ஆர். டங்கன், அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்துக்காரர். தமிழ் தெரியாமலே தமிழ்ப் படவுலகில் 15 ஆண்டு நின்று ஆடியவர்.

கல்லூரி நண்பர் மாணிக் லால் டாண்டனுடன் 1935இல் இந்தியா வந்தார். மறு ஆண்டே 'சதி லீலாவதி'. எம்.ஜி.ஆருக்கும் டி.எஸ். பாலையாவுக்கும் அதுதான் முதல் படம். நாடகத்தை அப்படியே படம்பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் டங்கன் காமிராவை நகர்த்தினார், மேடை நடிப்பின் மிகையைக் குறைத்தார். மொழிதான் அவருடைய பலவீனம். அதை மறைக்க முயலவில்லை. 1937இல் பாகவதர் நடித்த 'அம்பிகாபதி'யில் வசனத்தை இளங்கோவனிடம் ஒப்படைத்துவிட்டு, காட்சியைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டார்.

எல்லா ஆட்டமும் ஜெயிக்கவில்லை. 1940இல் எம்.எஸ். நடித்த 'சகுந்தலை' ஓடியது. அதே ஆண்டு நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையைக் கவிஞராக்கிய 'காளமேகம்' எடுபடவில்லை. இசைப் புகழ் மட்டும் படத்தைக் காப்பாற்றாது என்பதற்கு இந்தத் தோல்வியே சாட்சி.

உச்சம் 1945இல் வந்த 'மீரா'. எம்.எஸ்.ஸின் மார்பளவுச் சிலையைச் செய்யவைத்து, ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியுடன் அதன்மேல் பல கோணங்களில் விளக்கடித்துப் பார்த்தார். எந்த ஒளியில் எந்தப் பக்கம் எடுபடும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவிட்டுத்தான் எம்.எஸ்.ஸைக் காமிரா முன் நிறுத்தினார். அந்த முகத்தில் தெரியும் பக்தியில் பாதி இந்த வீட்டுப்பாடத்தின் பலன். 1947இல் வந்த இந்திப் பதிப்பில் சரோஜினி நாயுடுவே திரையில் தோன்றி எம்.எஸ்.ஸை அறிமுகப்படுத்தினார். தில்லித் திரையிடலுக்கு நேருவும் மவுண்ட்பேட்டன் தம்பதியும் வந்தார்கள்.

கடைசி ஆட்டம் 1950இல் 'மந்திரி குமாரி'. முதல் படத்தில் சிறு வேடம் போட்ட எம்.ஜி.ஆர். இதில் கதாநாயகன், வசனம் மு. கருணாநிதி. டங்கன் பாதியில் விலக, மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் முடித்தார். அதே ஆண்டு டங்கன் அமெரிக்கா திரும்பினார்.

தீர்ப்பு இதுதான்: கண்ணுக்குப் படம் எடுத்தவர் டங்கன். காதுக்குக் கைதட்டும் அடுக்குமொழிக் காலம் தொடங்கியபோது அவர் களத்தைவிட்டு வெளியேறினார். தற்செயலோ கணிப்போ, நேரம் சரியாகவே அமைந்தது.