தெருவை மூடுவது குறித்து

இந்தக் கட்டுரையில் நான் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது ஒரு மனுவை. ஒன்றரைப் பக்கம். ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. எழுதியவன் நான். இலக்கிய மதிப்பு எதுவும் அதற்குக் கிடையாது. ஆனால் ஒரு எழுத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்களோ அப்படி, வார்த்தை வார்த்தையாக, அதை வாசித்துப் பார்த்தபோது, சமீப வருஷங்களில் நான் எழுதிய எதிலும் இல்லாத அளவுக்கு அதில் நான் அகப்பட்டுக்கொண்டிருப்பதாக எனக்குப் பட்டது.

விஷயம் இதுதான். சென்னையில் எங்கள் தெருவை ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை கார்களுக்கு மூடிவிட்டு, ஜனங்கள் நடக்கவும் குழந்தைகள் விளையாடவும் விடுவது என்று ஒரு யோசனை வந்தது. புது யோசனை அல்ல. 2014-ல் பெசன்ட் நகரில் கடற்கரையை ஒட்டிய சாலையில் இதைச் செய்தார்கள். 2022-ல் அண்ணா நகரில் செய்தார்கள். அதற்கெல்லாம் முன்பே, 2013 நவம்பரில், டெல்லிக்குப் பக்கத்தில் குர்காவ்ன் நகரம் இதைத் தொடங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் மூலம் கொலம்பியாவின் தலைநகரான பொகோடா. அங்கே 1974 டிசம்பரில் சைக்கிள்காரர்கள் திரண்டு சில மணி நேரம் முக்கியச் சாலைகளைத் தமதாக்கிக்கொண்டார்கள். 1976-ல் நகர நிர்வாகம் அதை ஆணையாகவே போட்டது. இப்போது ஞாயிறுகளிலும் விடுமுறை நாட்களிலும் காலை ஏழிலிருந்து மதியம் இரண்டு வரை 120 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகளில் அந்த நகரத்தில் கார் ஓடுவதில்லை.

எங்கள் தெருவுக்கு மூன்று மணி நேரம்கூடப் பொறுக்கவில்லை. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், ஓய்வுபெற்ற என்ஜினீயர், ஒருநாள் நான் பாங்கிலிருந்து வந்ததும் வந்தார். "நீங்க இங்கிலீஷ் எம்.ஏ. நீங்க எழுதினாத்தான் சார் அங்க படிப்பாங்க" என்றார். பி.ஏ.தான் என்றேன். அதுவே போதும் என்றார். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் எழுதி முடித்துவிட்டேன். பத்து வருஷம் பாங்கில் கடிதம் எழுதியவனுக்கு ஆட்சேபம் எழுதுவது சிரமமில்லை. எதை ஆட்சேபிக்கிறோம் என்பது தெரிய வேண்டும் என்பதுகூட இல்லை.

மனுவில் ஐந்து ஆட்சேபங்கள் இருக்கின்றன. ஆம்புலன்ஸ் வர முடியாது. முதியவர்களும் ஊனமுற்றோரும் வெளியே போக முடியாது. வண்டிகளெல்லாம் பக்கத்துச் சந்துகளில் புகுந்துவிடும். கடைகளுக்கு நஷ்டம். ஒலிபெருக்கி இரைச்சல். இவற்றைக் கேலி செய்ய நான் தயாரில்லை. சான் பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பூங்காவுக்குள் போகும் பிரதான சாலையை 1967-லிருந்தே ஞாயிற்றுக்கிழமைகளில் மூடி வந்தார்கள். 2020 ஏப்ரலில் எல்லா நாட்களுக்கும் மூடியபோது பெரிய சர்ச்சை கிளம்பிற்று. அதில் நடக்க முடியாதவர்களின் குரல் முக்கியமான குரல். அங்கே உள்ள மியூசியத்துக்கு நாங்கள் எப்படி வருவது என்று கேட்டார்கள். 2022-ல் நகரசபையும் பிறகு வாக்காளர்களும் மூடியது மூடியதாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். என்றாலும் கேள்வி கேள்விதான். ஆம்புலன்ஸுக்கும் சக்கர நாற்காலிக்கும் வழி வைக்காத எந்த ஏற்பாட்டையும் எதிர்க்க வேண்டும்.

ஆனால் என் மனு இந்தக் கவலையிலிருந்து பிறந்ததல்ல. அதை வார்த்தைகள் காட்டிக்கொடுக்கின்றன.

முதல் வாக்கியத்திலேயே 'பொதுமக்களுக்குப் பெரும் அசௌகரியம்' என்று போட்டிருக்கிறேன். யார் இந்தப் பொதுமக்கள்? எங்கள் தெருவில் 64 வீடுகள். கார் வைத்திருப்பவர்கள் பாதிக்கும் குறைவு. நானே பஸ்ஸில் போகிறவன். அப்படியிருந்தும் 'பொதுமக்கள்' என்று எழுதியபோது என் மனசில் வந்து நின்றது ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவர்தான். என்னிடம் இல்லாத காருக்காக நான் வாதாடியிருக்கிறேன்.

அடுத்தது, 'காலங்காலமாக வாகனங்கள் சென்றுவரும் சாலை'. காலனி ஏற்பட்டு நாற்பது வருஷம் ஆகிறது. முதல் பதினைந்து வருஷத்தில் தெருவில் மொத்தம் இரண்டு கார் என்று செயலாளரே ஒருமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஒன்று அவருடையது.

மூன்றாவது, 'மூடுதல்' என்ற வார்த்தை. மூடுகிறார்கள், சரி. யாருக்கு? கார் போகாத மூன்று மணி நேரம் தெரு மூடியிருக்கிறது என்றும், ஏழு வயதுப் பையனை இறக்கிவிடப் பயப்படும் மற்ற நேரமெல்லாம் அது திறந்திருக்கிறது என்றும் பேச நாம் பழகிவிட்டோம். டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். 1981-ல் புத்தகமாக வந்தது. நாளைக்கு 2,000 வண்டிகள் போகும் தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று சிநேகிதர்கள் இருந்தார்கள். 16,000 வண்டிகள் போகும் தெருவில் ஒரு சிநேகிதர்கூட முழுசாக இல்லை: 0.9. இதில் எந்தத் தெரு திறந்த தெரு?

மூடுவதே நமக்குப் பிடிக்காது என்றும் சொல்ல முடியாது. பங்குனியில் அறுபத்துமூவருக்காக மயிலாப்பூர் மாடவீதிகளில் போக்குவரத்தை நிறுத்தினால் யாரும் மனு எழுதுவதில்லை. கட்சி ஊர்வலத்துக்கு நிறுத்தினால் முணுமுணுப்போம், எழுத மாட்டோம். தெய்வத்துக்கும் தலைவருக்கும் வழி விடுவது நம் ரத்தத்தில் இருக்கிறது. ஒரு காரியமும் இல்லாமல் நாலு பேர் தெருவில் நிற்பதற்காக வழி விடு என்றால்தான் நமக்குக் கோபம் வருகிறது.

மனிதர்களுக்குத் தெருவை மூடுவதிலும் நமக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1924-ல் வைக்கம் சத்தியாக்கிரகம் நடந்தது கோயிலுக்குள் நுழைவதற்காக அல்ல. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காக. பெரியார் அதற்காக இரண்டு முறை சிறை சென்றார். 1925 நவம்பரில் மூன்று பக்கத்துத் தெருக்கள்தான் திறந்தன. கிழக்குப் பக்கம் அப்போதும் திறக்கவில்லை. அதே 1924-ல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் பொதுத் தெருக்களும் பொதுக் கிணறுகளும் எல்லாருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. பொதுத் தெரு பொதுவானது என்பதற்கு ஒரு தீர்மானம்! அங்கேயும் எதிர்த்தரப்பின் வாதம் காலங்காலமாக வந்த வழக்கம் என்பதுதான். வைக்கத்தின் கொடுமையையும் என் தெருவின் ஞாயிற்றுக்கிழமையையும் ஒரே தட்டில் வைக்க நான் முட்டாளில்லை. ஆனால் யோசிக்காமலே 'காலங்காலமாக' என்று என் கை எழுதிற்றே, அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

மனு போயும் இரண்டு ஞாயிறு அது நடந்தது. முதல் ஞாயிறு ஆறரைக்கு வெளியே வந்தேன். பையன்கள் சாலையில் கரிக்கட்டியால் கோடு போட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பதினோரு வருஷமாக எதிர்வீட்டில் இருப்பவரிடம் முதல்முதலாகக் கால் மணி நேரம் பேசினேன். ஏழு மணிக்கு ஒரு லாரி வந்தது. மேடை இறங்கிற்று, ஒலிபெருக்கி இறங்கிற்று, விளம்பரத் துணிகள் இறங்கின. ஒரு இளைஞர் மைக்கைப் பிடித்து எல்லாரையும் கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினோம். கிரிக்கெட் நின்றுபோயிற்று. மேடை போட வேண்டிய இடத்தில் இஸ்திரி வண்டி நின்றிருந்தது. தெருமுனை வேப்பமரத்தடியில் எனக்குத் தெரிந்து எப்போதும் நிற்கிற வண்டி. அதைப் பக்கத்துச் சந்துக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள். நானும் ஒரு கை கொடுத்தேன். "மத்த நாளெல்லாம் கார் வருதுன்னு நகரச் சொல்லுவாங்க சார். இன்னிக்குக் கார் இல்லைன்னு நகரச் சொல்றாங்க" என்றார் அவர். புகாராகச் சொல்லவில்லை. பெட்டியில் கரி போட்டுக்கொண்டே சொன்னார்.

கவிஞரான நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அதான் சொல்றேன், இதெல்லாம் மத்தியதர வர்க்கத்தின் விளையாட்டு. நீ எழுதின மனு சரி" என்றார். நண்பரின் பேச்சில் பாதி உண்மை. சென்னை மாநகராட்சி 2014-ல் ஒரு கொள்கை வகுத்தது. போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் போக வேண்டும் என்பது அதில் உண்டு. வாரத்தில் எல்லா நாளும் நடைபாதை இல்லாமல் சாலையில் நடக்கிறவர்களின் விஷயம் அது. அதைப்பற்றி யார் மைக் பிடித்துப் பேசினார்கள்? ஆனால் நண்பர் எடுக்கும் முடிவு தப்பு. இஸ்திரி வண்டியை நகர்த்தியது கார் இல்லாத தெரு அல்ல. மேடை. தெருவை மூடியவர்கள் அதைத் தெருவாக விட்டுவைக்கப் பயந்து, அரங்கமாக்கிவிட்டார்கள். எங்களைப் பார்வையாளர்களாக்கிவிட்டார்கள்.

இந்த இடத்தில் சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' எனக்கு ஞாபகம் வந்தது. 1966-ல் வந்த நாவல். நாற்சந்தியில் நிற்கும் மரத்தைப்பற்றியே நாம் எல்லாரும் பேசியிருக்கிறோம், நானும் எழுதியிருக்கிறேன். பழமை போய்ப் புதுமை வருவதன் சோகம் என்ற ரீதியில். இப்போது திரும்பப் படித்தபோது, காற்றாடித் தோப்பு வெட்டப்பட்டுப் பூங்காவாகும் பகுதியில்தான் நின்றேன். தோப்பும் பொதுவான இடம், பூங்காவும் பொதுவான இடம். பூங்கா ஜனங்களுக்காகவே போடப்படுகிறது. அப்படியானால் எது தொலைந்தது? தோப்பு யாருக்காகவும் போடப்பட்டதல்ல. அதனால் யாரும் அங்கே இருந்துவிட்டுப் போகலாம். ஒன்றை ஜனங்களுக்காக என்று ஏற்பாடு செய்த மறுகணமே எந்த ஜனங்கள், என்ன செய்ய வேண்டும், எத்தனை மணிக்குப் போய்விட வேண்டும் என்பதும் ஏற்பாடாகிவிடுகிறது. இந்த நுட்பத்தை அந்த நாவலில் நாங்கள் தவறவிட்டதற்குக் காரணம், நாங்கள் அதைக் காலத்தின் கதையாக வாசித்ததுதான். இடத்தின் கதையாக வாசிக்கவில்லை.

நம்மிடம் தெருவின் பெயரையே சுமக்கும் ஒரு கலை இருக்கிறது, தெருக்கூத்து. ந. முத்துசாமி அதை நாடகம் என்று வாதாடி நிலைநாட்ட வேண்டியிருந்தது. கூத்தாவது ராத்திரியில் நடப்பது. பகலில் வண்டி போகிற வழியில் ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி இருக்கிறது. 1989 ஜனவரி 1 அன்று டெல்லியை ஒட்டிய சாகிபாபாதில், ஜண்டாபூர் என்ற இடத்தில், சப்தர் ஹாஷ்மியின் ஜன நாட்டிய மஞ்ச் 'ஹல்லா போல்' என்ற வீதி நாடகத்தை ஆடிக்கொண்டிருந்தது. உள்ளாட்சித் தேர்தல் சமயம். ஒரு வேட்பாளரின் ஊர்வலம் வந்து வழி கேட்டது. நாடகம் முடியும்வரை பொறுங்கள், அல்லது வேறு வழியாகப் போங்கள் என்றார் ஹாஷ்மி. அடித்தார்கள். மறுநாள் அவர் இறந்தார். ராம் பகதூர் என்ற தொழிலாளியும் கொல்லப்பட்டார். ஜனவரி 4 அன்று ஹாஷ்மியின் மனைவி மொலாயஸ்ரீ குழுவோடு அதே இடத்துக்குத் திரும்பிப் போய் நின்றுபோன நாடகத்தை ஆடி முடித்தார். அந்தச் சாவுக்குப் பின்னால் கட்சி உண்டு, வர்க்கம் உண்டு. எல்லாம் சரி. ஆனால் அந்தக் கணத்தில் தெருவில் நடந்த வாக்குவாதம் எங்கள் சங்கத்தில் நடந்த அதே வாக்குவாதம்தான்: போகிறவனுக்கு நிற்பவன் வழி விட வேண்டுமா, அல்லது போகிறவன் கொஞ்சம் பொறுக்கலாமா?

எங்கள் ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வாரம் நடக்கவில்லை. மனு காரணமா, அன்று பெய்த மழை காரணமா என்று தெரியாது. பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. செயலாளர் மட்டும் என் ஆங்கிலத்தைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் மெச்சிக்கொண்டிருந்தார்.

போன மாதம் மறுபடியும் யோசனை கிளம்பியிருக்கிறது. செயலாளரும் மறுபடி வந்தார். இந்தத் தடவை வேறு மனு எழுதுவதாக இருந்தால் எழுதுகிறேன் என்றேன். தெருவை மூடுங்கள். ஆம்புலன்ஸுக்கும் நடக்க முடியாதவர்களின் வண்டிக்கும் ஒரு பக்கம் விடுங்கள். மேடை வேண்டாம், மைக் வேண்டாம், விளம்பரம் வேண்டாம். வேப்பமரத்தடியில் நிற்பவர் அங்கேயே நிற்கட்டும். மூடிவிட்டு நீங்கள் போய்விடுங்கள். என்ன செய்வது என்று தெரியாமல் முதல் வாரம் நாங்கள் சும்மா நிற்போம். அதனால் ஒன்றும் கெட்டுவிடாது.

"இதை யார் சார் கையெழுத்துப் போடுவா?" என்றார் செயலாளர். நியாயமான கேள்விதான். தமிழில் எழுதி முதல் கையெழுத்தை நானே போட்டு வைத்திருக்கிறேன். இரண்டாவது கையெழுத்துக்கு இஸ்திரி வண்டிக்காரரிடம் போனேன். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, சங்கத்தில் இன்னும் நாலு பேர் போடட்டும், பிறகு தானும் போடுகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பழைய மனுவில் 41 கையெழுத்துகள் இருந்தன. அப்போது அவரை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.