உழைப்பை மறந்த எந்திரன்: தமிழ் அறிவியல் புனைவிலும் இசையிலும் எந்திர மனிதன்

ஆய்வுச் சுருக்கம்

'ரோபோ' என்னும் சொல் கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழுக்கு வந்த எந்திர மனிதனோ பேசுகிறான், சிந்திக்கிறான், காதலிக்கிறான். உழைப்பாளியாக அவன் பாடப்படவில்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' புதினத்தையும் 'எந்திரன்' (2010) திரைப்படப் பாடல்களையும் ஆலன் பார்சன்ஸ் புராஜெக்ட் குழுவின் 'ஐ ரோபோட்' (1977) இசைத்தொகுப்போடு வைத்து நோக்கி, இவ்விடுபாட்டின் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: எந்திர மனிதன், அறிவியல் புனைவு, சுஜாதா, புரோகிரசிவ் ராக், தொழிற்பாடல், பொறி

முன்னுரை

தமிழ்நாட்டின் சில நிலப்பகுதிகளில் இயந்திரம் கற்பனைப் பொருள் அன்று, அன்றாடச் சூழல். திருவள்ளூர் மாவட்டத்தின் வள்ளூரில் 500 மெகாவாட் திறனுடைய மூன்று அலகுகளைக் கொண்ட அனல்மின் நிலையம் இயங்குகிறது. அதற்கு வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்காலைகளும் உருட்டாலைகளும் உள்ளன. உள்ளூர் மக்களோடு பிற மாநிலத் தொழிலாளரும் அங்கு முறைப்பணியில் உழைக்கின்றனர். இத்தகைய நிலத்தில் நின்று தமிழ்ப் புனைவும் பாடலும் படைத்த எந்திர மனிதனை நோக்கினால் ஒரு வினா எழுகிறது: இவன் எந்த வேலைக்காகப் படைக்கப்பட்டான்? இவ்வினாவுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லின் பிறப்பு

செக் எழுத்தாளர் கரேல் சாபெக்கின் 'ஆர்.யு.ஆர்.' நாடகம் 1920இல் வெளிவந்து, 1921இல் பிராகா நகரில் மேடையேறியது. 'ரோபோ' என்னும் சொல்லை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் அவருடைய உடன்பிறந்தார் யோசெப் சாபெக். செக் மொழியில் 'ரொபோட்டா' என்பது ஆண்டைக்குச் செய்யும் கட்டாய ஊழியம். தமிழில் 'வெட்டி வேலை' என்பதற்கு நெருக்கமானது. நாடகத்தில் ஒரு தீவிலுள்ள தொழிற்சாலை மலிவான உழைப்பாளிகளாக ரோபோக்களை உருவாக்கி உலகெங்கும் விற்கிறது. அவை கிளர்ந்தெழுந்து மனிதரை அழிக்கின்றன. அல்குவிஸ்ட் என்னும் ஒருவனை மட்டும் விட்டுவைக்கின்றன; அவனும் தங்களைப் போலக் கைகளால் வேலை செய்பவன் என்பதே காரணம். இரு ரோபோக்களிடையே அன்பு அரும்புவது அதன் பின்னரே. அதாவது, சாபெக்கிடம் உழைப்பு முதலில் வருகிறது. காதல் இறுதியில் வருகிறது.

தமிழ் மரபில் பொறி

தமிழ் இதற்கு நெடுங்காலம் முன்பே இயந்திரத்தைப் பாடிய மொழி. சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டையின் மதிற்பொறிகளை வரிசைப்படுத்துகிறது. பெருங்கதையில் வீரரை உள்ளே ஒளித்த எந்திர யானையைக் கொண்டு உதயணன் சிறைபிடிக்கப்படுகிறான். சீவக சிந்தாமணியில் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறி விசையையைச் சுமந்து சென்று சுடுகாட்டில் இறக்குகிறது. இம்மூன்றிலும் பொறி போருக்கும் சூழ்ச்சிக்கும் தப்புதலுக்கும் உரிய அரசரின் கருவி. உழுகுடியும் கைவினைஞரும் அதனைக் கையாளும் காட்சி இவற்றில் இல்லை.

'பொறி' என்னும் சொல் தமிழில் இயந்திரத்தையும் ஐம்புலன்களின் வாயிலையும் ஒருசேரக் குறிக்கும். உணரும் இயந்திரம் என்னும் கருத்து இச்சொல்லிலேயே உறைந்துள்ளது எனலாம். பிற்காலத் தமிழ் எந்திரன் உழைக்கும் உடலாக வளராமல் உணரும் உயிராக வளர்ந்ததற்கு இம்மரபு உகந்த நிலமாக அமைந்தது.

சுஜாதாவின் ஜீனோ

பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய சுஜாதா, 1980களில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா'வைத் தொடராக எழுதினார். கதை 2021ஆம் ஆண்டில் நிகழ்கிறது. ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில் குழந்தை பெறவும் அரசின் இசைவு வேண்டும். நிலா என்னும் பெண்ணுக்குத் துணையாவது ரவியின் எந்திர நாயான ஜீனோ. ஆட்சியாளனோ இறுதியில் வெறும் ஒளியுருவம் எனத் தெரியவருகிறது.

இவ்வமைப்பில் நுட்பமான தலைகீழாக்கம் உண்டு. ஆளும் மனிதன் பொய்யுரு. அடங்கியிருக்க வேண்டிய இயந்திரம் நூல்களைப் படித்து, எள்ளலோடு பேசி, அறம் பற்றி வினவும் உயிர். மனிதனை மனிதனாக்குவது எது என்னும் வினாவை ஜீனோ வாசகரின் சிரிப்பினூடே எழுப்புகிறது. எனினும் ஜீனோ வளர்ப்புப் பிராணி. வீட்டுக்கு உரியது, தொழிற்சாலைக்கு உரியது அன்று. அதன் விடுதலை சிந்தனையின் விடுதலை; உழைப்பிலிருந்து பெறும் விடுதலை அன்று. இதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'விலும் இந்நிலை மாறவில்லை.

எந்திரன் பாடல்கள்

ஷங்கர் இயக்கிய 'எந்திரன்' 2010 அக்டோபரில் வெளிவந்தது. 2008இல் மறைந்த சுஜாதாவின் பங்களிப்பு அதன் உரையாடலில் உண்டு. படத்தில் சிட்டி சமைக்கிறது, வீட்டைத் தூய்மை செய்கிறது, தீவிபத்தில் சிக்கியோரை மீட்கிறது, மகப்பேறு பார்க்கிறது. ஆயினும் இவை களைப்போ கூலியோ இல்லாத வித்தைகளாகவே காட்டப்படுகின்றன. அதன் கிளர்ச்சிக்கு அடிப்படைக் காரணம் வேலைச்சுமை அன்று; சனாவின் மீதான காதல்.

ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த பாடல்களில் இது மேலும் தெளிவாகிறது. வைரமுத்து எழுதிய 'புதிய மனிதா' எந்திரனின் பிறப்பைப் பாடுகிறது. மதன் கார்க்கி எழுதிய 'இரும்பிலே ஓர் இதயம்' காதலைப் பாடுகிறது. வைரமுத்துவின் 'அரிமா அரிமா' அவனுடைய ஆதிக்கத்தைப் பெருங்குழுக் குரலில் அறிவிக்கிறது. பிறப்பு, காதல், ஆதிக்கம் ஆகிய மூன்றுக்கும் பாடல் உண்டு. வேலைக்குப் பாடல் இல்லை. 2018இல் வந்த '2.0' படத்தின் 'எந்திர லோகத்து சுந்தரியே' பாடலும் இரு எந்திரங்களின் காதலையே பாடுகிறது. அப்படத்தின் எந்திரப் பெண்ணுக்கும் சுஜாதாவின் நாயகிக்கும் நிலா என ஒரே பெயர் அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது.

ஒப்பீடு: 'ஐ ரோபோட்'

புரோகிரசிவ் ராக் என்பது 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் உருவாகி, ராக் இசையை நீண்ட வடிவங்களுக்கும் ஒரே கருத்தைச் சுற்றிய தொகுப்புகளுக்கும் விரித்த இசைவகை. 'ஐ ரோபோட்' தொகுப்புக்கு ஐசக் அசிமோவின் 1950ஆம் ஆண்டுக் கதைத்தொகுதி தூண்டுகோல். அந்நூலின் உரிமை முன்னரே பிறருக்கு வழங்கப்பட்டிருந்ததால், பெயரிலிருந்த காற்புள்ளி நீக்கப்பட்டுக் கருப்பொருள் பொதுமையாக்கப்பட்டது.

தலைப்புப் பகுதியில் கதைமாந்தர் எவரும் பேசுவதில்லை. மின்னணுக் கருவியில் ஒரே சுரவரிசை மீண்டும் மீண்டும் சுழல, அதன்மேல் குழுக்குரல் எழுகிறது. தொகுப்பின் இறுதிப் பகுதியோ ஆதியாகமத்தின் முதல் அதிகாரம், 32ஆம் வசனம் எனப் பெயர் பெற்றுள்ளது. அவ்வதிகாரத்தில் 31 வசனங்களே உள்ளன. படைப்புக் கதை முடிந்த இடத்திற்கு அப்பால் இயந்திரம் தொடங்குகிறது என்பதைப் பெயர் ஒன்றே உணர்த்துகிறது.

இங்கு இயந்திரம் தன்னைப் பற்றிச் சொல்வதில்லை. தன் சுழற்சியாலேயே கேட்கப்படுகிறது. 'எந்திரன்' பாடல்களில் இயந்திரத்தின் பொருட்டு மனிதக் குரலே பேசுகிறது. தமிழ்த் திரைப்பாடல் கதைச்சூழலுக்கும் நாயக நடிகருக்கும் கட்டுப்பட்டது, தனி இசைத்தொகுப்புக்கு அக்கட்டுப்பாடு இல்லை என்னும் மறுப்பு ஏற்கத்தக்கதே. ஆயினும் அது முழு விளக்கம் ஆகாது. கருவியின் இயக்கத்திலிருந்தே தாளத்தைப் பெறும் பாடல் தமிழுக்குப் புதிதன்று. ஏற்றத்தின் ஏற்ற இறக்கத்தில் ஏற்றப்பாட்டு பிறந்தது. உலக்கையின் வீழ்ச்சியில் வள்ளைப்பாட்டு பிறந்தது. மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணமும் இடிக்கும் கையின் தாளத்தில் அமைந்ததே. மனிதனும் கருவியும் ஒரே தாளத்தில் இணையும் இம்மரபைத் தமிழ் எந்திரன் பாடல்கள் பெரிதும் தொடவில்லை. காதல் பாட்டின் மரபு எந்திரனுக்குக் கைகொடுத்தது; தொழிற்பாடலின் மரபு அவனிடம் வந்து சேரவில்லை.

முடிவுரை

உலகின் முதல் தொழிலக ரோபோவான யூனிமேட், 1961இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் பணிக்கு வைக்கப்பட்டது. அதற்கு முகமும் இல்லை, காதலும் இல்லை; சூடான வார்ப்புகளை எடுத்து அடுக்கும் ஒரு கை மட்டுமே இருந்தது. தொழிலாளி இன்று எதிர்கொள்ளும் ரோபோ அந்தக் கையின் வழித்தோன்றலேயன்றிச் சிட்டியின் வழித்தோன்றல் அன்று. அது கொணரும் கேள்வி, இயந்திரத்திற்கு இதயம் உண்டா என்பதன்று; அது வந்தபின் இந்தக் கைகளுக்கு வேலை உண்டா என்பதே.

சுஜாதா தமிழ் எந்திரனுக்கு அறிவையும் எள்ளலையும் தந்தார். ரகுமானும் பாடலாசிரியர்களும் உணர்வைத் தந்தனர். இக்கொடைகள் குறைத்து மதிக்கத்தக்கவை அல்ல. எனினும் இயந்திரத்தின் உழைப்பும் அதனருகே நிற்கும் மனிதரின் உழைப்பும் சொல் பெறாதவரை, தமிழ் அறிவியல் புனைவு தன் காலத்தின் முதன்மையான அச்சத்தைப் பேசாமலே கடந்து செல்லும். சாபெக்கின் ரோபோக்கள் அல்குவிஸ்டைக் கைகளால் அறிந்துகொண்டன. வள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் முறைப்பணிக்குச் செல்லும் கைகளை அவ்வாறு அறிந்துகொள்ளும் எந்திரனைத் தமிழ் இனித்தான் எழுத வேண்டியுள்ளது.