மலிவுப் படங்களில் ஒரு மாநடிகர்

பேலா லுகோசி என்றதும் கறுப்பு மேலங்கி அணிந்து இரத்தம் குடிக்கும் பிரபுவே எவர்க்கும் நினைவில் எழுவார். 1931-ல் வெளிவந்த 'டிராகுலா' அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டது. அதில் நடிக்க அவர் பெற்ற ஊதியம் 3,500 டாலர். இழந்ததோ அதனினும் மிகுதி. ஹங்கேரிய வாடை நீங்காத ஆங்கில உச்சரிப்பும் சேர்ந்துகொள்ளவே, பட முதலாளிகள் அவரை வேறு வேடங்களுக்கு அழைக்கத் தயங்கினர். புடாபெஸ்ட் தேசிய நாடக அரங்கில் நடித்த அக்கலைஞர், 1941 முதல் 1944 வரை மோனோகிராம் என்னும் சிறு கம்பெனிக்கு ஒன்பது மலிவுப் படங்களில் நடித்துக் கொடுத்தார்.

அவற்றைக் கண்டு நகைப்பது எளிது. 'தி ஏப் மேன்' (1943) படத்தில் முகமெங்கும் மயிர் ஒட்டிக் கூனி நடப்பவரைக் கண்டு நகைக்காமல் என்ன செய்வது! ஆயினும், கதையின் கேலிக்கூத்தை நடிகரின் தலையில் ஏற்றும் விமர்சகர்களோடு நமக்கு உடன்பாடில்லை. அதே கம்பெனியின் 'இன்விசிபிள் கோஸ்ட்' (1941) படத்தில், மண நாளன்று காலி நாற்காலியின் எதிரே அமர்ந்து, இல்லாத மனைவியுடன் உரையாடியவாறே உணவருந்துகிறார். பின்னர் சன்னலுக்கு வெளியே அவளைக் கண்டதும் அம்முகம் மெல்ல மெல்ல உணர்விழக்கிறது. கதையை நாம் நம்பவில்லை. அம்மனிதரின் துயரை நம்புகிறோம்.

வேடமாற்றம் அவருக்கு வாராது என்போர் 'சன் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' (1939) படத்தைப் பார்க்கட்டும். தூக்கிலிட்டும் சாகாமல், முறிந்த கழுத்துடன் திரியும் இகோராக வருகிறார். தாடியும் கரகரத்த குரலும் கள்ளக் குறும்புமாக நிற்கும் அவரிடத்தில் டிராகுலாவின் சாயல் எள்ளளவும் இல்லை. அதே ஆண்டு 'நினோச்கா'வில் ரஷ்ய அதிகாரியாகச் சிறிது நேரமே தோன்றினாலும், அளந்த நடிப்பால் மனத்தில் நிற்கிறார். இவ்விரண்டும் கண்முன் இருந்தும், முதலாளிகள் மீண்டும் மேலங்கியையே நீட்டினர்.

இறுதிக் காலத்தில் எட் வுட் எடுத்த 'பிரைட் ஆஃப் தி மான்ஸ்டர்' (1955), ரப்பர் ஆக்டோபஸ் கொலை செய்யும் அளவுக்கு ஏழ்மையான படம். அதில் நாடு கடத்தப்பட்ட விஞ்ஞானியாக, தமக்கு வீடென்று ஒன்றில்லை என ஓரிடத்தில் பேசுகிறார். 1919-ல் ஹங்கேரியில் நடிகர் சங்கம் அமைக்கப் பாடுபட்டு, ஆட்சி கவிழ்ந்ததும் தாயகத்தைவிட்டு ஓடியவர் அவர். அட்டைச் சுவர்களுக்கு நடுவே நின்று பேசும் அவ்வசனத்தில் ஒரு சொல்லையேனும் அவர் அலட்சியமாக விடவில்லை.