சும்மா இருக்கும் நேரம் யாருடையது?

உப்பளத்துக்கு ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' இருக்கிறது. கைத்தறிக்கு ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்'. தோல் ஷாப்புக்கு டி. செல்வராஜின் 'தோல்'. ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடத்துக்கு என்ன இருக்கு என்று இலக்கியக் கூட்டங்களில் கேட்கிறார்கள். ஹூண்டாய் 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யத் தொடங்கிக் கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது, ஆகவே கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேள்விக்குள் ஒரு தீர்ப்பும் பதுங்கியிருக்கிறது: இந்தப் புதுத் தொழிலாளிக்கு வாசிப்பு கிடையாது, கையில் செல்போன்தான் உண்டு. மேலே சொன்ன மூன்று நாவல்களையும் எழுதியவர்கள் அந்தந்தத் தொழிலைச் செய்தவர்கள் அல்ல என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம். செல்வராஜ் வழக்கறிஞர். ராஜம் கிருஷ்ணன் களத்துக்குப் போய்த் தங்கி எழுதியவர்.

எழுத்தாளர்களின் பேட்டிகளில் தவறாமல் வரும் ஒரு சங்கதி, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து எழுதும் பழக்கம். பழக்கம் என்பதே ஒரு சொத்து என்று இந்தப் பேட்டிகளில் யாரும் சொல்வதில்லை. தினமும் ஒரே நேரம் கைக்குக் கிடைப்பவனுக்குத்தான் பழக்கம் வாய்க்கும். ஒரு வாரம் காலை ஷிப்ட், மறுவாரம் மாலை, அதற்கடுத்த வாரம் இரவு என்று உடம்பைச் சுழற்றும் ஆலையில் நாலு மணி என்பது ஒரு வாரம் தூக்கம், ஒரு வாரம் கம்பெனி பஸ்ஸுக்கான அலாரம், இன்னொரு வாரம் லைனில் கண் சொருகும் நேரம். ழாக் ரான்சியேர் 1981இல் எழுதிய 'பாட்டாளிகளின் இரவுகள்' நூலில் 1830களின் பாரீஸ் தையல்காரர்களும் தச்சர்களும் தூக்கத்தைத் திருடிக் கவிதை எழுதுகிறார்கள், பத்திரிகை நடத்துகிறார்கள். சிந்திப்பவன் வேறு, கைவேலை செய்பவன் வேறு என்ற பிரிவினையை அவர்கள் மறுத்த இடம் இரவு. திருடுவதற்கு அவர்களுக்கு இரவாவது இருந்தது. நம்மூரில் இரவுக்கே ஷிப்ட் எண் கொடுத்துவிட்டார்கள்.

படைப்பாற்றல் வேண்டாம் என்றும் ஆலை சொல்வதில்லை. அங்கேதான் சூட்சுமம். கார் ஆலைகளில் 'கைசன்' என்றொரு ஜப்பானியச் சொல் புழங்குகிறது. தொழிலாளியே யோசித்து வேலையைச் செம்மைப்படுத்தும் முறை. போல்ட் பெட்டி முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, எடுக்கத் திரும்பினால் மூன்று விநாடி. அதைக் கைக்கு நேரே மாட்டலாம் என்று ஒருவன் எழுதிப் போடுகிறான். பாராட்டும் உண்டு, சின்னப் பரிசும் உண்டு. மிச்சமான மூன்று விநாடி யாருக்கு? அவன் மூச்சு வாங்கிக்கொள்ள அல்ல. அப்படி மிச்சமானவற்றைக் கூட்டி இன்னொரு வேலையை அவன் தலையில் வைக்கலாம், இல்லையென்றால் லைன் வேகத்தை ஏற்றலாம். தன் கற்பனையால் தன் ஓய்வையே அழித்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு 'அந்நியமாதல்' என்ற நம் பழகிய சொல் போதாது. இங்கே பறிபோவது விளைபொருள் மட்டுமல்ல, யோசனையும்தான்.

2021 மே மாதக் கொரோனா அலையில் ஒரகடம் ரெனோ-நிசான் தொழிலாளர்கள் இடைவெளி கேட்டு உயர்நீதிமன்றம் வரை போனார்கள். நகரும் லைனில் வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே காலி இடம் விடுவதா என்பது வழக்காயிற்று. நோய்த்தொற்றுதான் காரணம், சரி. ஆனால் நிர்வாகம் வெற்றிடத்துக்கு இவ்வளவு அஞ்சுவானேன்? காலி இடம் வரும்போது ஒரு மனிதன் சும்மா நிற்பான்.

இந்தச் 'சும்மா' நம் மரபில் பெரிய சொல். தாயுமானவர் சும்மா இருந்தால் ஞானம். லைனில் நிற்பவன் சும்மா இருந்தால் மெமோ. துறவிக்கு அனுமதித்ததை உழைப்பவனுக்கு மறுத்ததில் சாதிக்கும் பங்குண்டு. அது தனியே எழுத வேண்டியது.

2023 ஏப்ரல் 21இல் சட்டமன்றம் நிறைவேற்றிய தொழிற்சாலைகள் திருத்தம், வேலைநேரம், இடைவேளை, வார விடுமுறை பற்றிய விதிகளிலிருந்து ஆலைகளுக்கு விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. நாலு நாள் பன்னிரண்டு மணி நேரம் உழைத்தால் மூன்று நாள் லீவு என்று அமைச்சர்கள் விளக்கினார்கள். கணக்கு சரி, 48 மணிதான். ஆனால் உடம்பு வாரக் கணக்கில் களைப்பதில்லையே. எதிர்ப்புக்குப் பிறகு மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னையில் முதல் மே தினம் கொண்டாடி அன்றைக்குச் சரியாக நூறு வருடம். சட்டம் போனது நல்லது. அதற்கான ஆசை போய்விட்டதா என்ன? ஓவர்டைமாக அது முன்பிருந்தே நடமாடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஓய்வின் இடத்தையும் பார்க்கணும். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தது கூலிக்காக அல்ல. விடுதிச் சாப்பாட்டில் பலர் நோயுற்றார்கள்; நெரிசலான அறைகளில் தரையில் படுத்திருந்தார்கள். வேலை முடிந்த பிறகான எட்டு மணி நேரமும் யாரோ ஒரு காண்டிராக்டரின் கையில் இருந்தது. படுக்க இடம், சாப்பிடத் தகுந்த சோறு, கழுவத் தண்ணீர். ஒரகடத்துக்கு நாவல் எங்கே என்று கேட்கும் நண்பர்கள் இந்தக் கோரிக்கைப் பட்டியலிலிருந்து வாசிக்கத் தொடங்கலாம்.