வழுக்கையும் விகடமும்

1926இல் பூதூர் வைத்தியநாதையர் தொடங்கிய 'ஆனந்த விகடன்' இதழை 1928இல் எஸ். எஸ். வாசன் வாங்கினார். அதற்கு முன்னர் அவர் விளம்பரம் திரட்டும் தொழிலிலும் அஞ்சல்வழி வாணிகத்திலும் ஈடுபட்டிருந்தார். தமிழ் நகைச்சுவை இதழியலை ஆராய்வோர் இச்செய்தியை அடிக்குறிப்பாக ஒதுக்கிவிடலாகாது.

அக்கால வார இதழ்களில் வழுக்கைத் தலையரைப் பற்றிய துணுக்குகளும் இடம்பெற்றன. கூந்தல் தைல விளம்பரங்களும் இடம்பெற்றன. இரண்டுக்கும் உயிர்நாடி உயர்வு நவிற்சியே. துணுக்கில் வாசகர் அதனைப் பொய்யென்று அறிந்து நகைக்கிறார். விளம்பரத்தில் மெய்யென்று நம்பி மணியார்டர் அனுப்புகிறார். வழுக்கையை நகைப்புக்குரியதாக்கும் துணுக்கு, தைலத்தை நாடச் செய்யும் நாணத்தையும் வாசகர் உள்ளத்தில் வளர்க்கிறது. ஆகவே, நகைச்சுவை விளம்பரத்தின் பொய்யை எள்ளியது என்பது பாதி உண்மையே. அவ்விளம்பரத்திற்கு அது துணையும் போயிற்று.

நகைச்சுவைத் துணுக்குகள் நூலாகத் தொகுக்கப்பெறும்போது விளம்பரங்கள் நீங்கிவிடுகின்றன. அவற்றோடு இவ்வுறவும் மறைந்துவிடுகிறது. சென்னையில் 1994இல் நிறுவப்பெற்ற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய இதழ்களைத் தொகுத்துக் காத்துவருகிறது. வகுப்பறைக்குத் துணுக்கொன்றை எடுத்துச் செல்லும் ஆசிரியர், அத்தகைய நூலகங்களின் துணையுடன், அவ்விதழின் விளம்பரப் பக்கங்களையும் உடன் கொண்டு செல்வாராயின், மாணவர் சிரிப்பதோடு சிந்திக்கவும் செய்வர்.