விருத்தாசலம் யாருடைய கோட்டை?

விருத்தாசலம் சட்டமன்றத் தொகுதியைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு வாக்கியங்களை விடுவதே இல்லை. ஒன்று, 'இது பாமகவின் கோட்டை'. இன்னொன்று, 'இது கேப்டனின் கோட்டை'. சில அலசல்களில் இரண்டும் அடுத்தடுத்த பத்தியிலேயே வந்துவிடும். ஒரே தொகுதி எப்படிங்க ரெண்டு பேருக்குக் கோட்டையாக இருக்கும்? அதுவும் ஒருவர் மற்றவரைத் தோற்கடித்து உள்ளே வந்தவர். இந்தச் சந்தேகத்தோடுதான் பழைய முடிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பார்க்கப் பார்க்க, கோட்டை என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது என்று தோன்றியது.

முதலில் 862.

2021 தேர்தலில் காங்கிரஸின் எம்.ஆர்.ஆர். ராதாகிருஷ்ணன் 77,064 வாக்குகள். பாமகவின் ஜெ. கார்த்திகேயன் 76,202. வித்தியாசம் 862. மூன்றாவதாக வந்தவர் பிரேமலதா விஜயகாந்த், 25,908. பதிவான செல்லுபடி வாக்குகளில் ஆறில் ஒரு பங்கு கிடைத்தால்தான் டெபாசிட் திரும்பும். அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய 13 சதவீதம்.

அன்றிலிருந்து டீக்கடை வரைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கு இதுதான்: தேமுதிக அந்த மார்ச்சில் அதிமுக கூட்டணியை விட்டு வெளியேறாமல் இருந்திருந்தால் 25 ஆயிரமும் 76 ஆயிரமும் சேர்ந்து பாமக ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்கும். கூட்டல் சரி. அரசியல் தப்பு.

ஏன் தப்பு? தேமுதிக அந்தக் கூட்டணியில் நீடித்திருந்தால் விருத்தாசலத்தை முதலில் கேட்டிருக்கப் போவதே தேமுதிகதான். அந்தக் கட்சி முதன்முதலாக ஜெயித்த சீட், விட்டுக்கொடுக்குமா? அப்புறம் பாமக வேட்பாளர் எங்கிருந்து வருவார்? இது ஒரு பக்கம். இதைவிடப் பெரிய விஷயம், இந்த ஊரில் முரசுக்கு விழுந்த ஓட்டு எங்கிருந்து முளைத்தது என்பது. 2005 செப்டம்பரில் மதுரையில் கட்சி தொடங்குகிறார் விஜயகாந்த். எட்டே மாதத்தில் 2006 தேர்தல். எந்தக் கூட்டணியும் இல்லாமல் ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளிலும் ஆளை நிறுத்திவிட்டு, தான் நிற்க விருத்தாசலத்தைத் தேர்ந்தெடுக்கிறார். அப்போது இங்கே எம்.எல்.ஏ.வாக இருந்தவர் பாமகவின் ஆர். கோவிந்தசாமி. பாமக அந்த முறை திமுக கூட்டணி. முடிவு: விஜயகாந்த் 61,337, கோவிந்தசாமி 47,560. அதிமுக மூன்றாவது இடம். மாநிலம் முழுக்க 8.38 சதவீதம் வாங்கிய கட்சிக்குக் கிடைத்த ஒரே சீட் இதுதான்.

ஆக, அந்த ஓட்டில் கணிசமான ஒரு பகுதி பாமகவை வேண்டாம் என்று சொன்ன ஓட்டு. அதை எடுத்து 2021-ல் பாமகவின் கணக்கில் கூட்டுவது, உப்பையும் சர்க்கரையையும் ஒரே தராசில் போட்டு வெள்ளைப் பொருள் இத்தனை கிலோ என்று சொல்வது மாதிரி. கொஞ்சம் பேர் மாம்பழத்துக்குப் போயிருப்பார்கள், மறுக்கவில்லை. ஜெயிக்க 863 பேர் போதும் என்பதும் உண்மை. ஆனால் அதே காரணத்துக்காகக் கைச் சின்னத்துக்குப் போயிருக்கக் கூடியவர்களை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதே இல்லை.

கோட்டைக் கதை உடைவதைப் பார்க்க 2016-ஐத்தான் பார்க்கணும். 2001-ல் பாமக ஜெயித்தது அதிமுக கூட்டணியில். 2011-ல் தேமுதிகவின் வி. முத்துக்குமார் ஜெயித்ததும் அதிமுக கூட்டணியில். 2021-ல் பாமக வாங்கிய 76 ஆயிரத்திலும் இரட்டை இலை ஓட்டு கலந்திருக்கிறது. இந்த மூன்றையும் வைத்து யாருக்குச் சொந்தமாக எவ்வளவு என்று சொல்லவே முடியாது. 2016-ல்தான் பாமக அன்புமணியை முன்னிறுத்தித் தனியாக நின்றது. தேமுதிக மக்கள் நலக் கூட்டணியோடு நின்றது. அந்த முறை இங்கே முதல் இடம் அதிமுகவின் வி.டி. கலைச்செல்வன், இரண்டாம் இடம் திமுக. 'கோட்டை' வைத்திருப்பதாகச் சொல்லப்படும் இரண்டு கட்சிகளும் முதல் இரண்டு இடங்களுக்குள்ளேயே இல்லை.

(கலைச்செல்வன் பிறகு தினகரன் பக்கம் சாய்ந்ததாக 2019 ஏப்ரலில் சபாநாயகர் நோட்டீஸ் அனுப்பியதும், உச்ச நீதிமன்றம் தடை போட்டதும், அவர் எடப்பாடி பக்கமே திரும்பியதும் தனிக்கதை. ஓட்டுப் போட்டவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.)

செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் வேலை பார்த்த ஒரு பெரியவரிடம் இதைக் கேட்டேன். அறுபது தாண்டியவர்.

"2006-ல கேப்டனுக்குத்தான் போட்டன். 2016-ல ரெட்டை எல."

"ஏண்ணே மாத்திட்டீங்க?"

"நான் எங்க தம்பி மாத்தனன்? நான் போட்டது அவருக்கு. அவரு ரிஷிவந்தியம் போயிட்டாரு. போனவர தேடிக்கிட்டு நானா போவ முடியும்?"

"2021-ல அண்ணி வந்தாங்களே?"

"அண்ணி வந்தாங்க. அண்ணன் வரலியே."

ஒரு ஆள் சொன்னதை வைத்துத் தொகுதிக்கே தீர்ப்பு எழுத மாட்டேன். ஆனால் அவர் சொன்னதற்கு இந்த ஊரில் பழைய முன்னுதாரணம் ஒன்று இருக்கிறது. 1967. திமுக 137 இடங்களில் ஜெயித்த தேர்தல். விருதுநகரில் காமராஜர் தோற்றார், ஸ்ரீபெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலம் தோற்றார். அமைச்சரவையில் ஜெயித்து வந்த ஒரே அமைச்சர் கோ. பூவராகன், விருத்தாசலத்திலிருந்து. பல வருடம் கழித்து 1989-ல் ஜனதா தரப்பில் நின்றபோதும் அதே ஊர் அவரை அனுப்பியது. கட்சி மாறியிருந்தது, ஆள் அதே ஆள். 1967, 2006 இரண்டும் மாநிலக் காற்றுக்கு எதிரான முடிவுகள். இரண்டிலும் ஓட்டு விழுந்தது முகத்துக்கு. 2006-க்குப் பிறகு வந்த மூன்று தேர்தல்களில் இந்தத் தொகுதி கோட்டையில் யார் உட்காரப் போகிறார்களோ அந்த அணியோடேயே போயிருக்கிறது. நான் சொல்கிற கோட்டை, செயின்ட் ஜார்ஜ் கோட்டை.

இதை 'நகரத் தொகுதி' என்று எழுதுவதிலும் எனக்குச் சம்மதமில்லை. நகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 73 ஆயிரத்துச் சொச்சம், குழந்தைகளையும் சேர்த்து. 2021-ல் விழுந்த ஓட்டு மட்டும் 1,96,000-க்கு மேல். மங்கலம்பேட்டை பேரூராட்சியைச் சேர்த்தாலும் பெரும்பாதி ஓட்டு முந்திரிக்கும் மல்லாட்டைக்கும் நடுவில்தான் இருக்கிறது. பழமலைநாதர் கோயில், மணிமுத்தாறு, ஜங்ஷன் என்று நமக்குத் தெரிந்த விருத்தாசலம் தொகுதியின் ஒரு மூலை. 2008 மறுசீரமைப்பில் மங்களூர் போய் திட்டக்குடி வந்தது, நெய்வேலி புதிதாக முளைத்தது, மக்களவைக்கு சிதம்பரத்தோடு இருந்தது கடலூரோடு போனது. எனவே 2006-ஐயும் 2011-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிடுவதும் சரியில்லை. நானே மேலே அதைக் கொஞ்சம் செய்திருக்கிறேன்.

செராமிக் விஷயமும் இதில் வருகிறது. நெய்வேலிச் சுரங்கத்து மண், ஊரில் ஒரு அரசு செராமிக் பயிலகம், தொழிற்பேட்டை. பியூஸ் கேரியர், இன்சுலேட்டர், அகல் விளக்கு, பொம்மை. வீட்டுக்கு வீடு எம்சிபி வந்த பிறகு பீங்கான் பியூஸை யார் வாங்குகிறார்கள்? ஒவ்வொரு தேர்தலிலும் மேடையில் இந்தத் தொழிலின் பேர் வரும். விருத்தாசலம் தனி மாவட்டம் என்ற கோரிக்கையும் வரும். ஆனால் தொகுதி அலசல்களில் வருவது சாதி சதவீதம் மட்டும். சாதி இல்லை என்று சொல்லவில்லை, இருக்கிறது, பலமாகவே இருக்கிறது. ஆனால் 2001-லிருந்து 2016 வரைக்கும் நான்கு தேர்தலில் மூன்று கட்சிகளை மாற்றி மாற்றி அனுப்பிய ஊரை, மாறாத ஒரு சதவீதத்தை வைத்து எப்படி விளக்குவது?

இங்கே இமையத்தின் 'வாழ்க வாழ்க' நாவலைச் சொல்லியாகணும். இந்தப் பக்கத்துக் கிராமத்துப் பெண்களைப் பணம் பேசி வேனில் ஏற்றிக் கூட்டத்துக்குக் கொண்டு போகிறார்கள். வெயில், காத்திருப்பு, நாற்காலிக்கு நடக்கும் சண்டையில் வெளியே வரும் சாதி, கடைசியில் ஹெலிகாப்டர். 2016 ஏப்ரல் 11-ல் விருத்தாசலத்தில் ஜெயலலிதாவின் பிரசாரக் கூட்டத்தில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். அந்த வெயில் தெரிந்தவர்களுக்கு இந்த நாவலைச் சும்மா படித்துவிட்டுப் போக முடியாது. அந்தப் பெண்களின் பேச்சை இமையம் மாதிரிக் கேட்டு எழுதியவர்கள் குறைவு.

ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. மைதானத்தில் உட்கார்ந்த பெண் சாவடிக்குள் என்ன செய்தாள்? நாவலுக்கு அது வேண்டியதில்லை, கூட்டமே அதன் பொருள். ஆனால் அதைப் படித்துவிட்டு 'இப்படித்தான் நம்ம ஊர்ல ஓட்டு வாங்கறாங்க' என்று சொல்கிற வாசகர்கள், கூட்டத்தையும் ஓட்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். வேனில் ஏறியவள் வேறு சின்னத்தில் அழுத்தியிருக்கலாம். 2021-லும் எல்லோரும்தான் கூட்டம் போட்டார்கள். கடைசியில் முடிவு 862-ல் வந்து நின்றது.

அதனால் அலசல்களை ஓரமாக வைத்துவிட்டு, படிவம் 20-ஐ எடுத்திருக்கிறேன். சாவடி வாரியாக யாருக்கு எவ்வளவு என்று தேர்தல் ஆணையம் வெளியிடும் பட்டியல். சாவடிக்கு ஆயிரம் ஓட்டுச் சொச்சம், ஏறக்குறைய தெருக்கணக்கில் தெரியும். தொழிற்பேட்டைப் பக்கத்துச் சாவடிகளையும் மங்கலம்பேட்டைச் சாவடிகளையும் 2016, 2021 இரண்டுக்கும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். கொரோனாவுக்காக 2021-ல் துணைச் சாவடிகள் சேர்த்ததால் எண்கள் மாறிக் கிடக்கின்றன. பள்ளிக்கூடத்தின் பேரை வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டியிருக்கிறது. இதுவரை பதினொன்று முடிந்திருக்கிறது.